கடைக்காரரின் பற்று நோட்டு

போன வாரம் எங்கள் அறக்கட்டளை அலுவலகத்தில் பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தபோது பழைய ஃபைல் ஒன்றிலிருந்து ஒரு தாள் நழுவி விழுந்தது. பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள். நீல மையில், மளிகைக்கடைக்காரர்களுக்கே உரிய அவசரக் கையெழுத்து: அரிசி 25 கிலோ சிப்பம் 96. து.பருப்பு, எண்ணெய், மிளகாய்த்தூள், புளி, சோப்பு. ஆக மொத்தம் 1,86,400. தேதி 4.4.2020. அடியில் ‘டிரஸ்ட் சார் பற்று’ என்று எழுதிக் கோடு இழுத்திருந்தது.

அந்த டிரஸ்ட் சார் நான்தான்.

அரசு வங்கி ஒன்றில் 31 வருடம் குப்பை கொட்டிவிட்டு 2016இல் ஓய்வு பெற்றேன். திருச்சியில் அரிசி ஆலை வைத்திருந்த ஒரு பெரியவர் நடத்திய அறக்கட்டளைக்கு ‘கணக்கு தெரிந்த ஆள்’ வேண்டும் என்று கூப்பிட்டார்கள், போனேன். ஆண்டுக்கு முப்பத்தைந்து, நாற்பது லட்சம் கொடுப்போம். பதினோரு சின்னச் சின்ன அமைப்புகளுக்குப் பிரித்து. பெரிய நிறுவனங்களின் கணக்கில் இது சில்லறை. ஆனால் வாங்குகிற அமைப்புக்கு நாங்கள் வைத்ததுதான் சட்டம், அது எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. கொஞ்சம் கூடுதலாகவே தெரிந்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

அந்தத் தாள் வேதாரண்யம் பக்கத்து அமைப்பு ஒன்றிலிருந்து வந்தது. பெயர் போட வேண்டாம் என்று அதை நடத்துகிற அக்கா சொல்லிவிட்டார். “பேரு போட்டீங்கன்னா நாளைக்கே பத்து போன் வரும் சார், எடுத்துப் பேச ஆளு இல்ல.” நான் அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவன். ஆனாலும் அங்கே எல்லோரும் கூப்பிடுவதுபோல நானும் அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். வாடகை ஓட்டு வீடு, ஏழு பணியாளர்கள், ஒரு டிவிஎஸ் எக்ஸெல். உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களுக்குச் சேமிப்புக் குழு, அவர்கள் பிள்ளைகளுக்கு மாலை நேரப் படிப்பு. உப்பளத்துப் பெண்களின் கால்களை அருகில் பார்த்தவர்களுக்குத் தெரியும், புண் ஆறுவதற்குள் அடுத்த நாள் உப்புத் தண்ணீரில் நிற்க வேண்டும். வெள்ளை வெயில் கண்ணைக் கெடுக்கும். அவர்களுக்கு மருந்தும் கண் பரிசோதனையும் ஏற்பாடு செய்வதும் இந்த ஏழு பேர்தான்.

2017இல் அவர்கள் அனுப்பிய முதல் பட்ஜெட்டில் நான் என்ன செய்தேன் என்பது அந்த ஃபைலிலேயே இருக்கிறது. களப்பணியாளர் சம்பளம், 7 பேர், மாதம் 6,500. 7 என்பதை அடித்து 5 என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். அலுவலக வாடகை: ஏற்க இயலாது. போன் ரீசார்ஜ்: ஏற்க இயலாது. எக்ஸெல் பெட்ரோல்: பாதி. ஓரத்தில் குறிப்பு வேறு: ‘நிர்வாகச் செலவைக் குறைத்து நேரடிப் பயனாளிகளுக்கு அதிகம் செல்லுமாறு பார்த்துக்கொள்ளவும்.’ எழுதிவிட்டு அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். பணத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதி.

அடுத்த வருடம் கஜா வந்தது.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த புயல். முன்னெச்சரிக்கை சரியாக இருந்தது, பல்லாயிரக்கணக்கான பேரை முன்கூட்டியே முகாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மரம் நடந்து முகாமுக்குப் போகாது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை மொத்தமாகச் சாய்ந்தது எல்லா டிவியிலும் வந்தது. வேதாரண்யம் பக்கத்து மாந்தோப்பும் முல்லைக் கொல்லையும் அவ்வளவாக வரவில்லை. உப்பளங்களில் கடல் சேறு ஏறி நின்றது. புஷ்பவனத்தில் வீட்டுக்குள்ளேயே சேறு. ‘திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு’ என்பார்கள். அந்த விளக்கழகு ஊரில் வாரக்கணக்கில் ஒரு பல்பு எரியவில்லை, மின்கம்பங்கள் தீக்குச்சி மாதிரி ஒடிந்து கிடந்தன.

நாங்கள் திருச்சியிலிருந்து லாரி அனுப்பினோம். போர்வை 500, ரொட்டி, மெழுகுவர்த்தி, தண்ணீர் பாட்டில். திருத்துறைப்பூண்டி தாண்டுவதற்குள் லாரி காலி. சாலையோரத்தில் நின்றவர்கள் நிறுத்தினார்கள், டிரைவர் கொடுத்தார். அவர்களும் பாதிக்கப்பட்டவர்கள்தான், அதில் தப்பில்லை. ஆனால் சாலையிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே, வாய்க்கால் கரையில் இருக்கிற குடியிருப்புக்கு எந்த லாரியும் போகாது. அங்கே லாரி போகிற அகலத்துக்குப் பாதையே கிடையாது.

நான்காம் நாள்தான் அக்கா போனில் கிடைத்தார். எங்கோ ஒரு டிராக்டர் பேட்டரியில் சார்ஜ் போட்டுப் பேசினார். நான் போர்வையைப் பற்றி ஆரம்பித்தேன். அவர் குறுக்கே வந்தார்.

“சார், போர்வை வேணாம். ஜெனரேட்டர் வாடகைக்கு வேணும். டீசல் வேணும். டேங்குல தண்ணி ஏத்தணும், கரண்டு இல்லாம நாலு நாளா ஊரே வாய்க்கா தண்ணியக் குடிக்குது. மரம் அறுக்குற மிஷினு ரெண்டு. அப்புறம் தார்ப்பாய். அவ்ளோதான்.”

ஜெனரேட்டரை ஒரு டாடா ஏசில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் மேல்நிலைத் தொட்டியை நிரப்பிவிட்டு அடுத்த ஊருக்கு ஓடினார்கள். எந்த ஊர் தொட்டிக்கு எத்தனை மணி நேரம், எந்த ஊரில் மோட்டாரே எரிந்துபோனது, எங்கே யாரிடம் சாவி, எல்லாம் அவர்களுக்குத் தெரியும். டீசலுக்கும் வாடகைக்கும் சேர்த்து எண்பதாயிரம் சொச்சம். அந்த லாரிச் சாமான் மூன்று லட்சம். எந்தப் பணம் வேலை செய்தது என்று சொல்லத் தேவையில்லை.

எனக்கு இது புதிதாகவே இருந்திருக்கக் கூடாது. 2004 சுனாமியின்போது நான் திருவாரூர்க் கிளையில் இருந்தேன். அடுத்த வாரமே நாகைப் பக்கம் போனேன். ஊரெங்கிலும் இருந்து நல்ல மனதோடு அனுப்பிய பழைய துணி சாலையோரத்தில் குவியல் குவியலாகக் கிடந்தது, மழையில் நனைந்து மாடுகூடத் தொடாமல். அந்தக் குழப்பத்துக்கு நடுவே நாகையில் ஏற்கெனவே மீனவப் பெண்களோடு வேலை செய்துகொண்டிருந்த ஸ்நேகா என்ற அமைப்பும், மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸும் சேர்ந்து கலெக்டர் அலுவலகத்தோடு இணைந்த ஒருங்கிணைப்பு மையம் ஒன்றைத் தொடங்கின. யார் எங்கே என்ன கொடுக்கிறார்கள், எங்கே ஒன்றும் போகவில்லை என்று ஓர் இடத்தில் கணக்கு. வந்து இறங்கிய நூற்றுக்கணக்கான அமைப்புகளுக்கு வழி சொன்னவர்கள் அங்கேயே இருந்தவர்கள். இதை நேரில் பார்த்தவன்தான் பதின்மூன்று வருடம் கழித்து போன் ரீசார்ஜை அடித்துவிட்டேன்.

கஜாவுக்குப் பிறகாவது திருந்தினேனா என்றால், அதுவும் இல்லை. நிவாரணம் என்ற தலைப்பில் தாராளமாகக் கொடுத்தோம். சம்பளம் என்ற தலைப்பில் அதே ஐந்து.

2020க்கு வருகிறேன். அறக்கட்டளைகளுக்கு மார்ச் மாதம் என்பது அறுவடையும் அடமழையும் சேர்ந்து வருவது மாதிரி. வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த நிதியாண்டுக்குள் செலவழித்தாக வேண்டும் என்பது வருமான வரிச் சட்டம், அதனால் மார்ச் கடைசியில் காசோலை பறக்கும். எங்கள் கூட்டம் மார்ச் 20. அன்றைக்குக் கையெழுத்தானவற்றில் அக்காவின் அமைப்புக்கு ஏப்ரல் முதல் ஜூன் வரைக்குமான சம்பளத் தவணை ஒன்று: ஐந்து பேர், 6,500, மூன்று மாதம், 97,500. தபாலில் போனது. 24ஆம் தேதி இரவு நாடு முழுக்க ஊரடங்கு அறிவிப்பு.

எங்களுக்கு அப்போது இணையவழி வங்கிச் சேவை கிடையாது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, வங்கி ஆசாமி செயலாளராக இருக்கிற இடத்தில். இரண்டு அறங்காவலர் கையெழுத்துப் போட்ட காசோலை மட்டும்தான், அதுதான் பாதுகாப்பு என்று நானே வாதாடி வைத்திருந்தேன். ஒருவர் ஸ்ரீரங்கத்தில், இன்னொருவர் தில்லைநகரில், காசோலைப் புத்தகம் பூட்டிய அலுவலகத்தில், நான் கே.கே. நகரில்.

மார்ச் 27இல் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியை, அதாவது ரெப்போ விகிதத்தை, 5.15 சதவீதத்திலிருந்து 4.40க்கு இறக்கியது, மே 22இல் 4க்கு. கடன் வாங்கியவர்களுக்கு நல்ல செய்தி. வைப்பு நிதி வட்டியில் ஓடுகிற எங்களைப் போன்றவர்களுக்கு, கொடுக்க வேண்டிய நேரத்தில் வரவு சுருங்குகிறது. வீட்டில் உட்கார்ந்து பென்சிலால் கணக்குப் போட்டு, இந்த வருடம் எல்லாருக்கும் இருபது சதவீதம் குறைக்கலாம் என்று ஒரு குறிப்பு தயாரித்தேன். அந்த நேரத்தில்தான் அக்கா போன் செய்தார்.

அரசாங்கம் அட்டைக்கு ஆயிரம் ரூபாயும் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் அறிவித்திருந்தது. அது வருகிறது, வரும். ஆனால் அட்டை இல்லாதவர்கள்? சொந்த ஊர் வேறாக இருந்து உப்பளத்துக்கு வந்து தங்கியவர்கள், மாமியார் வீட்டு அட்டையில் பேர் ஒட்டிக்கொண்டிருக்கிற கைவிடப்பட்ட பெண்கள், நரிக்குறவர் குடும்பங்கள், இரண்டு திருநங்கைகள். அக்காவிடம் 240 குடும்பத்தின் பட்டியல் இருந்தது. ஊரடங்குக்குப் பிறகு எடுத்தது இல்லை. ஊருக்கு ஒன்றாக எண்பது பக்க நோட்டில் வருடக்கணக்கில் எழுதிவந்தது. எந்த வீட்டில் சர்க்கரை மாத்திரை, யாருக்கு ஏழாம் மாதம், எந்தக் கிழவருக்கு மகன் திருப்பூரில், எந்த வீட்டுக்காரன் சாமானை விற்றுக் குடித்துவிடுவான், ஆகவே அந்த வீட்டுச் சாமானைப் பாட்டி கையில் கொடுக்க வேண்டும் என்பது வரைக்கும்.

நான் என்ன செய்தேன்? ஒரு படிவம் அனுப்பினேன். வாட்ஸ்அப்பில். பயனாளி பெயர், ஆதார் எண், பொருள் பெறும் புகைப்படம், பின்னணியில் அறக்கட்டளை பேனர்.

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு குரல்பதிவு வந்தது. “சார், மொகம் தெரியணுமா? வாங்குறப்ப அதுங்க தலையக் குனிஞ்சுக்கும் சார். நிமிரச் சொல்லி போட்டோ எடுக்க என்னால முடியாது. கைய மட்டும் எடுத்து அனுப்பவா?”

அந்தப் பதிவு இன்னும் என் போனில் இருக்கிறது.

காசோலை எப்போது வரும் என்றும் கேட்டிருந்தார். பத்து நாள் ஆகும் என்றேன். கடைசியில் 23 நாள் ஆனது. பாஸ் வாங்கி, அலுவலகம் திறந்து, ஸ்ரீரங்கத்தில் கேட்டுக்கு வெளியே நின்று உள்ளே காசோலையை நீட்டிக் கையெழுத்து வாங்கியது தனிக் கதை, இங்கே வேண்டாம். அந்த 23 நாளும் 240 குடும்பம் என்ன சாப்பிட்டது?

அதற்குப் பதில்தான் அந்த நீல மைத் தாள். அந்த ஊர் மளிகைக்கடைக்காரர் ஏப்ரல் 4ஆம் தேதியே 96 சிப்பம் அரிசியும் மற்ற சாமானும் பற்று எழுதிக் கொடுத்திருக்கிறார். என்னை அவருக்குத் தெரியாது. எங்கள் அறக்கட்டளை எந்த ஊரில் என்றுகூடத் தெரியாது. அக்காவைத் தெரியும். கஜாவின்போது ஜெனரேட்டர் கொண்டுவந்து தொட்டி நிரப்பிய பெண் என்று தெரியும். அந்த ஒரு ஜாமீனில் 1,86,400 ரூபாய். முப்பத்தோரு வருடம் கடன் கொடுத்த ஆள் சொல்கிறேன், இவ்வளவு சுத்தமான கடன் மதிப்பீட்டை நான் எந்தக் கிளையிலும் செய்ததில்லை. அந்த ஏப்ரலில் அங்கே முதல் நிதியாளர் அவர்தான். நாங்கள் பின்னால் வந்து பில் கட்டினோம்.

இங்கே ஒரு பழைய கதை, திருச்சிக்காரன் என்பதால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1930 ஏப்ரல் 13இல் ராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு பேர் திருச்சியில் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு அள்ள நடந்தார்கள். வழியில் சோறோ தங்க இடமோ கொடுத்தால் ஆறு மாதச் சிறை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் மிரட்டினார். ஜனங்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டிவைத்துவிட்டுப் போனார்கள். காவிரிக் கரையில் புதைத்துவைத்து அடையாளம் காட்டினார்கள். அங்கே ஏற்பாடுகளைச் செய்தவர் வேதரத்தினம் பிள்ளை. 2020 ஏப்ரல் 12இல் யாரும் நேரடியாக நிவாரணம் கொடுக்கக் கூடாது என்று அரசாங்கம் சொன்னபோது (தொற்றுப் பயம், அதை தார்னோடு ஒப்பிட மாட்டேன்) அக்காதான் இந்தக் கதையை எனக்கு நினைவுபடுத்தினார். “மரத்துல கட்டிருவோம் சார், என்ன இப்ப?” அதற்குத் தேவை வரவில்லை. அனுமதி வேண்டாம், 48 மணி நேரத்துக்கு முன்னால் தகவல் சொன்னால் போதும் என்று நான்கு நாளில் உயர் நீதிமன்றம் தெளிவாக்கியது. தகவல் கடிதம் எழுதுவதும் அந்த ஏழு பேரில் ஒருவருக்குக் கூடுதல் வேலை.

அடுத்த வருடம் தணிக்கை அறிக்கை வந்தது. 2021 ஆகஸ்ட் என்று நினைவு. வழக்கம்போல் பென்சிலோடு உட்கார்ந்தேன். நிவாரணச் செலவு 2,83,900 என்றிருந்தது. நாங்கள் கொடுத்தது 1,86,400 ஆயிற்றே? மீதி 97,500 எங்கிருந்து வந்தது? எண்ணைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கீழே நிலுவைப் பட்டியலில், சம்பளம், ஏப்ரல்–ஜூன், 97,500.

போன் செய்தேன். அக்கா சாதாரணமாகச் சொன்னார். கடைக்காரருக்குத் தஞ்சாவூரில் சரக்கு எடுக்கக் கையில் காசு இல்லை, மறுபடி ஏற்றினால்தானே ஊருக்கே சாமான் கிடைக்கும், அதனால் வந்திருந்த சம்பளத் தவணையை அவரிடம் கொடுத்துவிட்டார்கள். எங்கள் பணம் வந்ததும் பாக்கி 88,900ஐ அடைத்தார்கள். மீதியைச் சம்பளமாக எடுத்திருக்கலாம். அதற்குள் ஊரடங்கு நீண்டுவிட்டது, மே மாதச் சுற்றுக்குச் சாமான் வாங்கிவிட்டார்கள். ஐவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தார்களாம். அதில் ஒருத்தியின் புருஷன் சிங்கப்பூரிலிருந்து வேலை போய்த் திரும்பியவன்.

“ஏன் எங்கிட்ட சொல்லலை?”

“சொன்னா ஒதுக்குன தலைப்ப மாத்திச் செலவு பண்ணீட்டீங்கன்னு சொல்லுவீங்க சார்.”

ஆமாம், சொல்லியிருப்பேன்.

இதைத்தான் நான் எழுத நினைத்தேன். நிதி கொடுக்கிறவர்கள் ஆண்டறிக்கையில் ‘இக்கட்டான காலத்தில் களத்தில் நின்ற அமைப்புகளுக்கு நன்றி’ என்று ஒரு வரி போடுவோம், நாங்களும் போட்டோம், பெரிய எழுத்தில். ஆனால் களத்தில் நிற்க வைத்தது எது என்றால், நான் சிவப்பு மையால் அடித்த வரிகள்: ரீசார்ஜ், பெட்ரோல், ஓட்டு வீட்டு வாடகை, ஒரே ஊரில் பத்து வருடம் அதே ஆளை வைத்திருக்கிற சம்பளம். நோட்டு எழுதியது அந்தச் சம்பளம். நாங்கள் நேரடிப் பயன் என்று நினைத்த அரிசியைக் கடைக்காரரே கடனாகக் கொடுத்துவிட்டார்.

அறங்காவலர் கூட்டத்தில் அந்தத் தணிக்கை அறிக்கையை அப்படியே வாசித்தேன், என் பழைய சிவப்பு மைப் பட்ஜெட்டையும் பக்கத்தில் வைத்து. நிறுவனரின் மகள்தான் முதலில் பேசினார். “எங்க அப்பா மில்லுல கணக்குப்பிள்ளைக்கு முன்னாடி மூட்டை தூக்குறவங்களுக்குத்தான் கூலி போடுவார். நாம அத மறந்துட்டமே.” வைப்பு நிதி ஒன்றை முதிர்வுக்கு முன்பே உடைத்தோம். வட்டியில் அரை சதவீதம் போனது. 97,500 அன்றே போய்ச் சேர்ந்தது, இணையவழி வங்கிச் சேவை இல்லாத குறை ஒருவழியாகத் தீர்ந்தது.

அந்த வருடத்திலிருந்து பதினோரு அமைப்புக்கும் மூன்று வருடத்துக்கு ஒரே தொகை, தலைப்புப் பிரிக்காமல். அறிக்கை ஒரு பக்கம், எழுத முடியாவிட்டால் போனில் சொல்லலாம், நான் எழுதிக்கொள்வேன். புகைப்படம் வேண்டாம். சில நண்பர்கள் இதைப் பெரிய தத்துவம் போல அமெரிக்காவில் இருந்து வந்த பெயரெல்லாம் வைத்துச் சொல்கிறார்கள். மளிகைக்கடைப் பற்றுக்கு மேல் இதில் ஒன்றும் இல்லை. இரண்டு அமைப்புகளில் இது சரியாகப் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றில் பணம் எங்கே போனது என்று இன்றுவரை தெளிவில்லை, நிறுத்திவிட்டோம். பதினொன்றில் ஒன்று. வங்கியில் இதைவிட அதிக வாராக்கடனை எல்லாப் படிவமும் ஆதாரமும் வாங்கிவைத்துக்கொண்டே கொடுத்திருக்கிறேன்.

அவர்களுக்குக் காலம் இன்னும் சுலபமாகவில்லை. 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தியபோது, வெளிநாட்டுப் பணம் வாங்கும் பெரிய அமைப்பு சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுப்பது தடையானது, நிர்வாகச் செலவின் வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. அக்காவுக்குச் சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த கண் பரிசோதனைப் பணம் அதோடு நின்றது. எங்கள் பக்கத்திலும் 2023க்குப் பிறகு ஒரு அறக்கட்டளை இன்னொன்றுக்குக் கொடுத்தால் அதில் 85 சதவீதம்தான் செலவாக ஒப்புக்கொள்ளப்படும். மீதிக்கு ஆடிட்டரும் நானும் தலையைப் பிய்த்துக்கொள்கிறோம். கண் பரிசோதனையை இப்போது நாங்கள் ஏற்றிருக்கிறோம். ஏழு பேருக்கும் சம்பளம் போகிறது. 6,500 இல்லை, ஆனால் எவ்வளவு என்று எழுத எனக்கு இன்னும் கூச்சம்தான்.

எங்கள் விதிகளில் ஒன்று, நிதி பெறும் அமைப்பிடமிருந்து எந்தப் பரிசும் வாங்கக் கூடாது. அதையும் நான்தான் எழுதினேன். கோடைக்குக் கோடை வேதாரண்யம் பஸ்ஸில் ஒரு பிளாஸ்டிக் டப்பா வரும், கண்டக்டர் போன் செய்வார், பேருந்து நிலையத்தில் போய் வாங்கிக்கொள்வேன். கோடியக்காட்டுப் பாலாப்பழம். சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், தித்திப்பு ஒரு பக்கம், பால் உதட்டில் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும், தேங்காய் எண்ணெய் தடவினால்தான் போகும். கஜாவில் சாய்ந்த மரங்களில் சில திரும்பத் துளிர்த்துக் காய்க்கின்றன என்று அக்கா போன முறை சொன்னார். டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தபோது ஆடிட்டர் போன் செய்தார். வாயைத் திறக்க முடியாமல் “ம்ம், ம்ம்” என்றே பேசிச் சமாளித்தேன்.